ஈர்ப்பு வந்தபின் எந்தச் சமச்சீர்மை மிஞ்சும்?

கேட்டவர் திருவொற்றியூரிலிருந்து தினமும் மின்சார ரயிலில் கல்லூரிக்குப் போய்வரும் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவி. கேள்வி இது: "இயற்பியல் முழுவதும் சமச்சீர்மையின் மேல்தான் நிற்கிறது என்று வகுப்பில் சொல்கிறார்கள். குவாண்டம் ஈர்ப்பில் முழுதளாவிய சமச்சீர்மை ஒன்றுகூட இருக்க முடியாது என்று ஓர் உரையில் கேட்டேன். இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? இதையே ப்ராஜெக்டுக்கு எடுத்துக்கொள்ளலாமா, சார்?"

தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு முன் குழப்பம் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். சமச்சீர்மை என்ற ஒரே தலைப்பின் கீழ் இரண்டு வேறு சங்கதிகளைக் கற்றுத்தருகிறார்கள். ஒன்று இயற்கையில் இருப்பது. மற்றது நாம் கணக்கெழுதும் முறையில் இருப்பது. ஈர்ப்பு முதலாவதை விட்டுவைப்பதில்லை. இரண்டாவதைத் தன் முதுகெலும்பாகவே வைத்துக்கொண்டிருக்கிறது. ஒரு வரியில் விடை வேண்டுமென்றால் அவ்வளவுதான். ஏன் அப்படி என்பதில்தான் சுவாரசியம்.

1918-இல் எம்மி நோதர் நிறுவிய தேற்றம் உங்களுக்குத் தெரிந்ததே. தொடர்ச்சியான ஒரு சமச்சீர்மை இருந்தால், அதற்கு ஈடாக மாறாமல் நிற்கும் ஓர் அளவும் இருக்கும். நேற்றும் இன்றும் விதி ஒன்றே என்றால் ஆற்றல் மாறாது. இங்கும் அங்கும் விதி ஒன்றே என்றால் உந்தம் மாறாது. பாடநூல்கள் இத்தோடு அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகின்றன. அந்தக் கட்டுரை பிறந்ததே ஈர்ப்பினால்தான் என்பதைச் சொல்வதில்லை. 1915-இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியல் வந்தபோது, அதில் ஆற்றல் மாறாமை என்பதற்கு என்ன பொருள் என்று கோட்டிங்கனில் டேவிட் ஹில்பர்ட்டுக்கும் ஃபெலிக்ஸ் கிளைனுக்கும் பிடிபடவில்லை. நோதரிடம் கேட்டார்கள். (பெண் என்பதால் அவருக்கு அங்கே முறையான பதவி இல்லை. ஹில்பர்ட் பெயரில் அறிவிக்கப்பட்ட வகுப்புகளைச் சம்பளமில்லாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.) அவர் தந்த விடையில் இரண்டு தேற்றங்கள் இருந்தன. நாம் படிப்பது முதலாவது. இரண்டாவது தேற்றம், புள்ளிக்குப் புள்ளி நம் விருப்பம்போல் மாற்றிக்கொள்ளக்கூடிய சமச்சீர்மைகளைப் பற்றியது. அவற்றிலிருந்து புதிய மாறா அளவு எதுவும் கிடைப்பதில்லை. கையில் உள்ள சமன்பாடுகள் எல்லாம் ஒன்றையொன்று சாராதவை அல்ல என்ற செய்திதான் கிடைக்கிறது. அதாவது, தேவைக்கு அதிகமான மாறிகளை வைத்து எழுதியிருக்கிறோம்.

மின்காந்தவியல் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. எலக்ட்ரானின் அலைச்சார்பின் கட்டத்தை (phase) ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியாகத் திருப்பி வைக்கலாம். மின்காந்தப் புலம் அதை ஈடுகட்டிவிடும். அளக்கக்கூடிய எதுவும் மாறாது. இது கேஜ் சமச்சீர்மை. பேரியான் எண்ணின் கதை வேறு. புரோட்டானுக்கும் நியூட்ரானுக்கும் +1, அவற்றின் எதிர்த்துகள்களுக்கு −1 என்று கணக்கு வைக்கிறோம். கூட்டுத்தொகை மாறுவதை இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் இந்த எண்ணுக்கென்று ஒரு புலம் கிடையாது; உலகம் முழுவதும் ஒரே அளவு திருப்பினால்தான் சமச்சீர்மை. இதைத்தான் முழுதளாவியது என்கிறோம்.

பொதுச் சார்பியலின் சமச்சீர்மை கேஜ் வகையைச் சேர்ந்தது. ஆயத்தொலைவுகளை எப்படி வளைத்துப் போட்டாலும் சமன்பாட்டின் வடிவம் மாறாது. இது பெரிய தத்துவம்போல ஒலிக்கும். ஆனால் எந்தக் கோட்பாட்டையும் முயன்றால் அப்படி எழுதிவிடலாம் என்று 1917-லேயே எரிக் கிரெட்ச்மன் ஐன்ஸ்டைனை மடக்கினார். அவர் சொன்னது சரி. சாரம் வேறு இடத்தில் இருக்கிறது: பொதுச் சார்பியலில் மாற்றமில்லாத பின்னணி என்று எதுவுமே இல்லை. காலவெளிப் புள்ளிகளுக்குத் தனி அடையாளம் கிடையாது. அங்கே என்ன புலம் இருக்கிறது, எது எதைச் சந்திக்கிறது என்பதுதான் அடையாளம். எனவே 'இந்தப் புள்ளியில் உள்ள ஈர்ப்பு ஆற்றல் எவ்வளவு' என்ற கேள்விக்கே பொருள் இல்லாமல் போகிறது. மொத்த ஆற்றலை வரையறுக்க வெகுதொலைவில், விளிம்பில் போய் நிற்க வேண்டும். ஆர்னோவிட், டெசர், மிஸ்னர் மூவரும் 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைச் செய்துகாட்டினார்கள். விளிம்பு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை அது நம் கூடவே வரும்.

இனி முழுதளாவிய சமச்சீர்மையை ஈர்ப்பு ஏன் பொறுத்துக்கொள்வதில்லை என்பதற்கு வருகிறேன். சூரியன் அளவு நிறை கொண்ட பொருளைக் கருந்துளைக்குள் போட்டுவிட்டதாக வைத்துக்கொள்வோம். உள்ளே போன பேரியான் எண் ஏறத்தாழ 10⁵⁷. வெளியிலிருந்து பார்த்தால் கருந்துளையில் தெரிவது நிறை, மின்னூட்டம், கோண உந்தம் ஆகியவை மட்டுமே. கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். 2024 உலகக் கோப்பையைப் புதுவண்ணாரப்பேட்டைக்குக் காசிமா கொண்டுவந்த பிறகு நம் பக்கத்தில் அந்த உதாரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கறுப்புக் காய்க்கும் வெள்ளைக் காய்க்கும் எடை ஒன்றுதான். குழிக்குள் விழுந்த பிறகு வலைக்குள் கையை விடக் கூடாது, தொங்கும் எடையை மட்டும் பார்க்கலாம் என்றால், எத்தனை விழுந்தன என்று சொல்லலாம். எத்தனை கறுப்பு என்று சொல்ல முடியாது. பேரியான் எண் அந்த நிறம் மாதிரி. மின்னூட்டம் அப்படியல்ல, அது காயில் கட்டிய நூல். காய் உள்ளே போனாலும் நூல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நூல்தான் காஸ் விதி சொல்லும் மின்புலம்.

1974-இல் ஸ்டீபன் ஹாக்கிங் காட்டியதுபோலக் கருந்துளை கதிர்வீசி மெல்ல ஆவியாகிறது. இந்த இடத்தில் எண்களைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கைவீச்சில் சொல்லும் வாதத்துக்கும் கணக்குப் போட்ட வாதத்துக்கும் வித்தியாசம் உண்டு. சூரிய நிறையுள்ள கருந்துளையின் வெப்பநிலை சுமார் 6×10⁻⁸ கெல்வின். அவ்வளவு குளிர்ச்சியில் அதிலிருந்து வருவது ஃபோட்டான், ஈர்ப்பின் துகளான கிராவிட்டான் போன்ற நிறையற்ற துகள்கள்தான்; புரோட்டான் வர வாய்ப்பே இல்லை. புரோட்டானின் நிறைக்கு ஈடான வெப்பநிலை ஏறத்தாழ 10¹³ கெல்வின். கருந்துளை சுருங்கச் சுருங்கச் சூடேறும். வெப்பநிலை நிறைக்கு எதிர்விகிதம். அந்த 10¹³-ஐத் தொடும்போது மிஞ்சியிருக்கும் நிறை 1.2×10¹⁰ கிலோ, அதாவது ஆயிரத்து இருநூறு கோடி கிலோ. அத்தனையையும் புரோட்டானாகவே மாற்றினாலும் 7×10³⁶ புரோட்டான்களுக்கு மேல் தேறாது. உள்ளே போனதோ 10⁵⁷. மீதிக் கணக்கை நேர்செய்ய நிறையே இல்லை. போதாததற்கு, ஹாக்கிங் கதிர்வீச்சு துகளுக்கும் எதிர்த்துகளுக்கும் பாரபட்சம் காட்டுவதில்லை. ஆக, பேரியான் எண் காணாமல் போகிறது.

தப்பிக்க ஒரு வழி உண்டு. ஆவியாதல் கடைசியில் நின்றுபோய், பிளாங்க் அளவில் (குவாண்டம் விளைவுகளை விட்டு ஈர்ப்பைப் பேச முடியாத நுண்ணளவு அது) ஒரு சிறிய எச்சம் தங்கி, அத்தனை பேரியான் எண்ணையும் அதுவே சுமந்துகொண்டிருக்கிறது என்று வாதிடலாம். இதை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. பல ஆண்டுகள் இதைப் பற்றிக் காரசாரமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் விலை அதிகம். முதலில் போட்டது ஒரு சூரியனா, நூறு சூரியனா என்பதைப் பொறுத்து எச்சத்தின் உள் எண் மாறும், வெளித்தோற்றம் மாறாது. எனவே ஒரே நிறையில், ஒரே அளவில் எண்ணற்ற வகை எச்சங்கள் இருந்தாக வேண்டும். கருந்துளையின் என்ட்ரோபி, அதாவது அதற்கு எத்தனை உள்நிலைகள் இருக்கலாம் என்பதைக் காட்டும் அளவு, அதன் மேற்பரப்பைப் பிளாங்க் அலகில் அளந்து நான்கால் வகுத்தால் கிடைக்கும் எண் என்று பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் சொன்னதோடு இது மோதுகிறது. மேற்பரப்பு சிறியது என்றால் உள்நிலைகளும் முடிவுள்ள எண்ணிக்கையில்தான் இருக்க வேண்டும். டாம் பேங்க்ஸ், நேதன் சைபர்க் இருவரும் 2011-இல் இந்த வாதத்தை இறுக்கமாக எழுதினார்கள். மின்னூட்டத்துக்கு இந்தச் சிக்கல் எழுவதில்லை. மின்னூட்டம் ஏற ஏற அதன் புலமே நிறையைக் கூட்டுகிறது. குறிப்பிட்ட நிறைக்குள் எவ்வளவு மின்னூட்டத்தை அடைக்கலாம் என்பதற்கு ஓர் உச்சவரம்பு வந்துவிடுகிறது.

இது வாதம்; தேற்றம் அல்ல. ஹாக்கிங் கணக்கு பிளாங்க் அளவுக்கு அருகில் நம்பத்தக்கதா என்று யாரும் கேட்கலாம். அதனால் டேனியல் ஹார்லோ, ஹிரோசி ஓகுரி இருவரும் வேறு பாதையில் போனார்கள். 1997-இல் மால்டசேனா கண்டுபிடித்த இணைப்பின்படி, எதிர்ம வளைவுள்ள ஒரு காலவெளிக்குள் நடக்கும் குவாண்டம் ஈர்ப்பும், அதன் விளிம்பில் நடக்கும் ஈர்ப்பில்லாத ஒரு குவாண்டம் கோட்பாடும் ஒன்றே. உள்ளே ஒரு முழுதளாவிய சமச்சீர்மை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விளிம்பிலும் அதைச் செயல்படுத்தும் ஒரு கணிதச் செயலி (operator) இருக்க வேண்டும். விளிம்பைச் சிறு சிறு துண்டுகளாக வெட்டினால் அந்தச் செயலியையும் துண்டு துண்டாகப் பிரித்து எழுதலாம். ஆனால் விளிம்பின் ஒவ்வொரு சிறு துண்டும் தன்னை ஒட்டிய உள்பகுதியை மட்டுமே எட்டும். நடு மையத்தை எந்தத் துண்டும் தொடாது. மையத்தில் ஒரு பொருள் இருக்கிறது. துண்டுகள் எதுவும் அதைத் தொடவில்லை. துண்டுகளின் பெருக்கமான முழுச் செயலி மட்டும் அதை எப்படி மாற்றும்? முரண்பாடு. உள்ளே இருப்பது கேஜ் சமச்சீர்மை என்றால் முரண்பாடு கரைந்துவிடும். மையத்துப் பொருளிலிருந்து கிளம்பும் புலம் விளிம்புவரை வந்துசேர்கிறது; துண்டுகள் அதைத் தொடுகின்றன. விளிம்பில் உண்மையான சமச்சீர்மையாக இருப்பதுதான் உள்ளே கேஜ் சமச்சீர்மையாக இருக்கிறது.

எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இவ்வளவு அழகான முரண்பாட்டு நிறுவல் குறைவு. ஆனாலும் ஒரு குறிப்பைச் சேர்த்தே படிக்க வேண்டும். நம் பிரபஞ்சத்தின் விரிவு முடுக்கமடைகிறது என்பது 1998-இலேயே தெரிந்துவிட்டது. நாம் வாழும் காலவெளி அந்த எதிர்ம வளைவு வகையைச் சேர்ந்தது அல்ல. தேற்றம் அந்த உலகத்துக்கு. நமக்குக் கிடைப்பது வலுவான நம்பிக்கை.

சரி, இது உண்மையென்றால் கண்ணில் படக்கூடிய விளைவு என்ன? புரோட்டான் நிரந்தரமானது அல்ல. இதைத் தேடும் வேலை நம் ஊருக்குப் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. கோலார் தங்கவயலில் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1980 வாக்கில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய ஆய்வாளர்களும் இணைந்து புரோட்டான் சிதைவுக்கென்றே ஒரு கருவியை வைத்தார்கள். அந்தச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தங்கவயலில் உறவினர் உள்ள குடும்பங்கள் பெரம்பூர்ப் பக்கம் இன்றும் உண்டு. சில நிகழ்வுகள் சிதைவாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள். பிற சோதனைகள் அதை உறுதிசெய்யவில்லை. இன்று ஜப்பானின் சூப்பர் காமியோகாண்டேயில் 50,000 டன் நீரை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். பாசிட்ரானும் பையானுமாகச் சிதையும் வழிக்கு, புரோட்டானின் ஆயுள் 2×10³⁴ ஆண்டுகளுக்கும் அதிகம் என்பது அவர்கள் கண்ட எல்லை.

ஈர்ப்பு மட்டுமே காரணமாக இருந்து புரோட்டான் சிதைந்தால் ஆயுள் எவ்வளவு? பரிமாணப் பகுப்பாய்வு போதும்: பிளாங்க் நிறையின் நான்காம் படியைப் புரோட்டான் நிறையின் ஐந்தாம் படியால் வகுத்தால் ஏறத்தாழ 10⁴⁵ ஆண்டுகள் வருகிறது. சூப்பர் காமியோகாண்டே எல்லையிலிருந்து இது பத்தின் பத்துப் பதினோரு படிகள் தள்ளி இருக்கிறது. புழல் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி, அதாவது ஒன்பது கோடி டன்னுக்குச் சற்று மேல். ஒரு கிலோ நீரில் 3.3×10²⁶ புரோட்டான்கள் இருப்பதால் ஏரி முழுவதிலும் 3×10³⁷. ஏரி நிறைய உணர்கருவிகளை இறக்கினாலும், ஒரே ஒரு புரோட்டான் சிதைவதைப் பார்க்கச் சராசரியாக மூன்று கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஆகவே ஈர்ப்பு சமச்சீர்மையை உடைக்கிறது என்பதற்கும், நாம் அதைப் பார்ப்போம் என்பதற்கும் இடையில் பெரிய தூரம். நாளைக்கே புரோட்டான் சிதைவு தென்பட்டால்கூட, காரணம் ஈர்ப்பாக இருக்காது. ஈர்ப்பு தவிர்த்த விசைகளை ஒன்றாக்க முயலும் பெரு ஒருங்கிணைப்புக் கோட்பாடுகள் சொல்லும் வேறு விசையாகத்தான் இருக்கும்.

இதிலிருந்து எனக்கு ஒரு கருத்து உண்டு; எல்லோரும் ஏற்கமாட்டார்கள். பேரியான் எண் போன்றவை இயற்கையின் அடித்தளத்தில் பொறித்த விதிகள் அல்ல. குறைந்த ஆற்றலில், கையில் இருக்கும் துகள்களை வைத்து அவற்றை மீறும் இடைவினையை எழுத வழியில்லாததால் தானாக அமைந்தவை. 'இயற்கை சமச்சீரை விரும்புகிறது' என்று மேடையில் சொல்லும்போது கைதட்டல் கிடைக்கும். ஆனால் ஈர்ப்பைச் சேர்த்துப் பார்த்தால், துல்லியமாக நிற்பது கணக்கெழுதும் முறையில் உள்ள மிகை மட்டுமே; இயற்கையில் இருப்பதாக நாம் கொண்டாடுவது தோராயம்தான்.

சிறப்புச் சார்பியலின் லோரன்ஸ் சமச்சீர்மையும் அப்படித்தானா என்று அடுத்துக் கேட்பீர்கள். காலவெளி 10⁻³⁵ மீட்டர் அளவில் துண்டுதுண்டாக இருந்தால், அதிக ஆற்றலுள்ள ஒளி சற்றே வேறு வேகத்தில் போகலாம் என்று சிலர் எதிர்பார்த்தார்கள். 2009 மே 10 அன்று ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு காமாக்கதிர் வெடிப்பைப் பார்த்தது. எழுநூறு கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த ஒளி. அதில் 31 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள ஒரு ஃபோட்டானும், அதைவிடப் பல்லாயிரம் மடங்கு வலுவற்றவையும் ஒரு வினாடி இடைவெளிக்குள் வந்துசேர்ந்தன. வேக வேறுபாடு ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற எளிய மாதிரிகள் அன்றே அடிபட்டுப்போயின. துண்டுதுண்டாக இருந்தாலே லோரன்ஸ் சமச்சீர்மை உடைய வேண்டும் என்பதில்லை என்பது, காலவெளியையே குவாண்டம் துணுக்குகளாகக் காணும் லூப் குவாண்டம் ஈர்ப்புக்காரர்களின் பதில். கோண உந்தத்தின் மதிப்புகள் படிப்படியாக இருந்தும் சுழற்சிச் சமச்சீர்மை கெடாததைக் காட்டுவார்கள். காலவெளியைத் தனித்தனிப் புள்ளிகளால் ஆனதாகக் கொள்ளும் காரணத் தொகுதிக் கோட்பாட்டில் ரஃபேல் சார்கின் புள்ளிகளை ஒழுங்காக அடுக்காமல் தற்செயலாகத் தூவிவிடுகிறார். எந்தத் திசையும் வேகமும் தனித்துத் தெரியாது. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் சுமதி சூர்யா இதில் பல காலமாக வேலை செய்துவருகிறார்.

துகள்களை நுண்ணிய இழைகளின் அதிர்வுகளாகக் காணும் இழைக் கோட்பாட்டைப் பற்றி இங்கே அதிகம் சொல்லப் போவதில்லை, ஒன்றைத் தவிர. 1984-இல் மைக்கேல் கிரீனும் ஜான் ஷ்வார்ஸும், பத்துப் பரிமாணத்தில் கேஜ் சமச்சீர்மை குவாண்டம் விளைவுகளால் கெடாமல் இருக்க வேண்டுமானால் அதன் குழுவுக்கு (அந்தச் சமச்சீர்மை மாற்றங்களின் கணிதத் தொகுதிக்கு) சரியாக 496 பரிமாணம் வேண்டும் என்று காட்டினார்கள். கணக்கெழுதும் முறையில் உள்ள மிகை என்று நான் சற்றே இளக்காரமாகச் சொன்னது எவ்வளவு கறாரான நிபந்தனைகளை விதிக்கக்கூடியது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

கடைசியாக, விளிம்பு. 1962-இல் ஹெர்மன் பாண்டியும் அவருடைய கூட்டாளிகளும், தனியே சாக்ஸும், ஈர்ப்பு அலைகள் வெளியேறிப்போகும் வெகுதொலைவில் என்ன சமச்சீர்மை இருக்கிறது என்று பார்த்தார்கள். அங்கே ஈர்ப்பு ஓய்ந்திருக்கும், சிறப்புச் சார்பியலின் பத்துச் சமச்சீர்மைகள் மட்டும் மிஞ்சும் என்றுதான் யாரும் எண்ணுவார்கள். கிடைத்ததோ முடிவில்லாத எண்ணிக்கை. வானத்தின் ஒவ்வொரு திசைக்கும் காலத்தைத் தனித்தனியாக நகர்த்தலாம். அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஆண்ட்ரூ ஸ்ட்ராமிங்கர், இவற்றுக்கும் 1965-இல் ஸ்டீவன் வைன்பர்க் நிறுவிய, மிகக் குறைந்த ஆற்றலுள்ள கிராவிட்டான்கள் வெளிப்படுவதைப் பற்றிய மென்கிராவிட்டான் தேற்றத்துக்கும் உள்ள தொடர்பை வெளிக்கொணர்ந்தார். ஈர்ப்பு அலை கடந்துபோன பின், அருகருகே மிதக்கும் இரண்டு பொருள்களுக்கு இடையிலான தூரம் பழையபடி திரும்பாமல் நிரந்தரமாகச் சற்று மாறியிருக்கும். அதுவும் இதே சங்கதிதான். உள்ளே வெறும் கணக்கு முறையாக இருந்த சமச்சீர்மை, விளிம்பை எட்டும்போது அளக்கக்கூடியதாகிவிடுகிறது. நோதரை ஹில்பர்ட் கேட்ட கேள்விக்கான விடையின் மறுபாதி இது என்பேன்.

உங்கள் ப்ராஜெக்டுக்கு வருகிறேன். ஹார்லோ, ஓகுரியின் முழு நிறுவலைத் தொட வேண்டாம். விரிவான கட்டுரை நூற்றைம்பது பக்கங்களுக்கு மேல் போகிறது, எம்.எஸ்சி. ஆண்டுக்குள் அடங்காது. அவர்களே எழுதிய சில பக்கச் சுருக்கம் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படித்தால் போதும். முதல் அத்தியாயத்தில் நோதரின் இரண்டு தேற்றங்களையும் மின்காந்தப் புலத்துக்குப் போட்டுக்காட்டுங்கள். இரண்டாவதில் மேலே நான் போட்ட கருந்துளைக் கணக்கை ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மன் விதியிலிருந்து தொடங்கி நீங்களே செய்யுங்கள். ஆயுள் 10⁶⁷ ஆண்டுகளை ஒட்டி வர வேண்டும். மூன்றாவதில் பேரியான் எண்ணுக்குப் பதிலாக மின்னூட்டத்தை வைத்து அதே கணக்கைத் திரும்பப் போட்டு, முரண்பாடு எந்த வரியில் எழாமல் போகிறது என்று சுட்டிக்காட்டுங்கள். நேரம் மிஞ்சினால், ஈர்ப்பே மிக வலுவற்ற விசையாக இருந்தாக வேண்டும் என்று 2006-இல் அர்க்கானி-ஹமீத் குழுவினர் முன்வைத்த கருதுகோளையும் பாருங்கள்; அது அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது. நேரம் மிஞ்சாவிட்டால் மூன்று அத்தியாயங்களே போதும். வழிகாட்டி ஒன்றும் சொல்லமாட்டார்.